பேல் கட்டும் கம்பி: குடோன்களில் வேரூன்றிய சில நம்பிக்கைகள்

பழைய அட்டை, காகிதம், பிளாஸ்டிக் பாட்டில் வாங்கி அழுத்திக் கட்டும் குடோன்காரர்கள் பேலிங் மெஷின் வாங்கும்போது பத்து இடத்தில் விசாரிக்கிறார்கள். எத்தனை டன் அழுத்தம், மோட்டார் எவ்வளவு, பழுதானால் யார் வருவார் என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். கம்பி வாங்கும்போது மட்டும் ஒரே கேள்வி: கிலோ என்ன விலை? பிறகு லாரியில் ஏற்றும்போது பேல் அவிழ்ந்து கொட்டினால் மெஷினைக் குறை சொல்கிறோம், அல்லது முறுக்கிய தொழிலாளியைத் திட்டுகிறோம். பல நேரங்களில் கோளாறு கம்பியைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கிறது.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பேலை அமுக்குவது கம்பியின் வேலை இல்லை, அதை மெஷினின் தட்டு செய்துவிடுகிறது. தட்டு மேலே ஏறியதும் உள்ளே நெருக்குண்ட பொருள் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த விரிவை வாங்கிக்கொண்டு அதற்கு மேல் விடாமல் பிடித்து நிற்பதுதான் கம்பியின் வேலை. அட்டை ஓரளவுக்கு விரியும். பிளாஸ்டிக் உறைகள் அதைவிட அதிகம் விரியும். மூடி திருகியபடியே வரும் பெட் பாட்டில்களில் காற்று அடைபட்டிருப்பதால் அவற்றின் எதிர்ப்பு இன்னும் கடுமை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் நம்பிக்கைகள் எங்கே பிசகுகின்றன என்பது புரிந்துவிடும்.

“கம்பி தடிமனாக இருந்தால் பேல் அவிழாது”

இது பாதி உண்மை. அந்தப் பாதிக்காகத்தான் அதிகம் செலவு செய்கிறோம்.

நம் கடைகளில் புழங்கும் கேஜ் கணக்கில் எண் ஏற ஏற கம்பி மெலியும். 10 கேஜ் என்பது 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2.03. தடிமனில் வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 12 கேஜ் இரும்புக் கம்பி ஒரு மீட்டர் ஏறக்குறைய 43 கிராம். 10 கேஜ் 65 கிராம். ஒரு பேலுக்கு நான்கு கம்பி, முடிச்சுக்குப் போவதையும் சேர்த்து ஒவ்வொன்றும் 3.3 மீட்டர் என்று வையுங்கள். 12 கேஜில் ஒரு பேலுக்கு சுமார் 570 கிராம் போகும், 10 கேஜில் 860 கிராம். நாளுக்கு 40 பேல் கட்டும் இடத்தில் இந்த வித்தியாசம் மட்டும் 11 கிலோவைத் தாண்டும். வருடக் கணக்கை அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

தாங்குதிறனும் அதே அளவு கூடுகிறதே என்று கேட்கலாம். கம்பியின் உடலில் கூடுகிறது. ஆனால் பேல் கம்பி பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. முடிச்சில்தான் அறும் அல்லது நழுவும். 10 கேஜ் கம்பியைக் கையால் முறுக்குவது கடினமான வேலை. மதியத்துக்கு மேல் கை ஓய்ந்தவர் நான்கு சுற்று முறுக்க வேண்டிய இடத்தில் இரண்டரைச் சுற்றோடு நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. தடித்த கம்பியில் போட்ட தளர்ந்த முடிச்சைவிட, மெல்லிய கம்பியில் இறுகப் போட்ட முடிச்சு மேலானது. ஆகவே பேல் அவிழ்ந்தால் அறுந்த கம்பியைத் தூக்கி எறிவதற்கு முன் எங்கே அறுந்தது என்று பாருங்கள். முடிச்சில் போயிருந்தால் தடிமனைக் கூட்டுவதால் ஒன்றும் ஆகாது, முறுக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று சமமாகச் சுற்ற வேண்டும். ஒன்று நேராக நிற்க மற்றது அதைச் சுற்றினால் அது முடிச்சே இல்லை, இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும்.

மெஷினின் தட்டில் கூடுதல் பள்ளம் இருந்தால் கம்பியைத் தடிமனாக்குவதைவிட எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவதே நல்லது என்பது என் கருத்து. நான்கில் ஒன்று அறுந்தால் மீதி மூன்றும் மூன்றில் ஒரு பங்கு அதிகச் சுமை ஏற்கின்றன. ஐந்தில் ஒன்று போனால் மற்றவற்றுக்குக் கால் பங்குதான் கூடும். கம்பிகளுக்கு இடையே பொருள் பிதுங்குவதும் குறையும்.

இன்னொன்றும் இங்கே சொல்லவேண்டும். கம்பியைக் கிலோவில் வாங்கி மீட்டரில் செலவழிக்கிறோம். 12 கேஜ் என்று கேட்டு வாங்கிய சுருள் 2.75 மில்லிமீட்டராக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ‘நல்ல கனம்’ என்று மகிழ்ச்சிகூட வரலாம். ஆனால் ஒரு கிலோவுக்கு 23 மீட்டர் கிடைக்க வேண்டிய இடத்தில் 21 மீட்டர் சொச்சம்தான் கிடைக்கும். மைக்ரோமீட்டர் பெரிய விலை இல்லை. சுருள் இறங்கும்போது மூன்று இடத்தில் அளந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். கேஜ் எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரிலேயே ஆர்டர் கொடுப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் கேஜ் முறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. மின்கம்பிக்குப் பயன்படும் அமெரிக்க முறையில் 12 கேஜ் என்றால் 2.05 மில்லிமீட்டர்தான்.

“விறைப்பாகவும் பளபளப்பாகவும் இருப்பதுதான் உறுதியான கம்பி”

குடோன்களில் அதிகம் நஷ்டம் உண்டாக்கும் நம்பிக்கை இதுதான் என்று நினைக்கிறேன்.

இரும்புக் கம்பியை அச்சுகளின் துளை வழியே இழுத்து இழுத்து மெல்லியதாக்குகிறார்கள். அப்படி இழுக்கும்போது அது இறுகி விறைக்கிறது. அந்த நிலையிலேயே விற்கப்படுவதுதான் கடையில் ஹெச்.பி. கம்பி என்று சொல்லும் பளபளப்பான கம்பி. அதே கம்பியை உலையில் சூடேற்றி மெதுவாக ஆறவிட்டால் இறுக்கம் தளர்ந்து மென்மையாகும், மேலே கறுப்பு படியும். அதுதான் கருப்புக் கம்பி. கையில் எடுத்தால் குழைவாக இருப்பதால் ‘இதில் வலுவே இல்லை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அறுவதற்கு எவ்வளவு இழுவிசை வேண்டும் என்று மட்டும் பார்த்தால் ஹெச்.பி. கம்பிதான் ஜெயிக்கும். ஆனால் பேல் விரியும் பொருள் ஆயிற்றே. நல்ல கருப்புக் கம்பி அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட நீளக்கூடியது. தட்டு ஏறி பேல் விரியும்போது அது கொஞ்சம் நீண்டு கொடுத்து, நான்கு கம்பிகளும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டபின் நிற்கும். விறைப்பான கம்பிக்கு அந்தச் சலுகை இல்லை. எது சற்று இறுக்கமாகக் கட்டப்பட்டதோ அது முதலில் முழுச் சுமையையும் வாங்கி, முறுக்கிய இடத்தில் வெடித்து அறும். அது அறுந்ததும் அடுத்தது. வரிசையாக நான்கும் போகும்போது பக்கத்தில் ஆள் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கையால் கட்டும் செங்குத்து மெஷினுக்குக் கருப்புக் கம்பிதான் பொருத்தம். ஹை டென்சைல் கம்பி வேறு ரகம். கார்பன் கூடுதலான எஃகில் செய்வது. சாதாரணக் கம்பியைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுவிசை தாங்கும். அதனால் மெல்லியதாகவே போடலாம், எடையும் மிச்சம். தானாகவே கட்டும் கிடைமட்ட மெஷின்களில், ஒவ்வொரு கட்டும் ஒரே அளவு இறுக்கத்தில் விழும் இடத்தில், அது நன்றாக வேலை செய்யும். அதற்கும் அந்த மெஷினின் முறுக்குத் தலை அந்தக் கம்பிக்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும். மெஷின் கையேட்டில் எழுதியிருக்கும் ரகத்தையும் அளவையும் விட்டு விலகி மலிவாகக் கிடைத்ததை மாட்டினால், கம்பியில் மிச்சம் பிடித்த பணம் முறுக்குக் கொக்கியும் வெட்டுக் கத்தியும் மாற்றுவதில் போய்விடும்.

கட்டடத்தில் கொத்தனார்கள் கம்பி கட்டப் பயன்படுத்தும் 18, 20 கேஜ் கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்துப் பேல் கட்டும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு 12 கேஜ் கம்பியின் பரப்புக்கு ஈடாக எட்டு இழை வேண்டும்.

“முறுக்குவதற்கு முன் கடப்பாரை போட்டு இழுத்துக் கட்டணும்”

வேண்டாம். தட்டு முழு அழுத்தத்தில் கீழே இருக்கும்போதே கட்ட வேண்டும், தொய்வு இல்லாமல் கட்டினால் போதும். கடப்பாரையால் இழுத்தால் பேல் விரியும்போது உதவ வேண்டிய நீட்சியை முன்கூட்டியே செலவழித்துவிடுகிறோம். பெட் பாட்டில் பேல் அடிக்கடி அவிழ்கிறது என்றால் கம்பியில் தீர்வு தேடுவதைவிட, அழுத்துவதற்கு முன்பே பாட்டிலைத் துளையிட்டோ மூடியைத் தளர்த்தியோ காற்றை வெளியேற்றுவது பலன் தரும்.

“ஜி.ஐ. போட்டால் கவலையே இல்லை”

துத்தநாகப் பூச்சு துருவைத் தடுக்கும், வலுவைக் கூட்டாது. பேல் திறந்தவெளியில் மழைக்காலம் முழுக்கக் கிடக்கும் என்றாலோ, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் உப்புக்காற்று படும் என்றாலோ ஜி.ஐ. கம்பிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். கட்டிய சரக்கு ஓரிரு வாரத்தில் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் காகித ஆலைக்குப் போய்க் கூழாகப் போகிறது என்றால் அந்தப் பூச்சால் யாருக்கும் பயன் இல்லை. துரு பெரும்பாலும் பிடிப்பது பேலில் அல்ல, கட்டுவதற்கு முன் சிமென்ட் தரையில் போட்டு வைத்த சுருளில்தான். மரச்சட்டத்தின் மேல் ஏற்றி, மூடி வைத்து, முதலில் வந்த சுருளை முதலில் எடுத்தால் கருப்புக் கம்பியே போதும்.

“பழைய கம்பியை நிமிர்த்தி மறுபடி கட்டலாம்”

சிக்கன மனசு புரிகிறது, ஆனால் இந்தச் சிக்கனம் ஆபத்தானது. ஒரு கம்பித் துண்டை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள், சில முறையிலேயே ஒடிந்துவிடும். வளையும் ஒவ்வொரு முறையும் இரும்பு இறுகி, நீளும் தன்மையை இழக்கிறது. ஒருமுறை முறுக்கி, நீண்டு, அவிழ்த்து, சுத்தியலால் நிமிர்த்திய கம்பியில் அந்தப் பலவீனமான இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அது பழைய இரும்பு விலைக்குப் போகவேண்டிய சரக்கு. இரும்பு எத்தனை முறை வேண்டுமானாலும் உருகித் திரும்பி வரும் பொருள் என்பதால் அதில் வீண் ஒன்றும் இல்லை.

“லாரி ஏறிவிட்டால் கம்பி நம் கவலை இல்லை”

கம்பி அடுத்துப் போய்ச் சேரும் இடம் ஆலை. அங்கே அது என்ன செய்கிறது என்பது சரக்கைப் பொறுத்தது. காகித ஆலையின் கூழாக்கும் தொட்டியில் ஒரு கம்பிக் கயிற்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். சுழலும் கூழில் மிதந்து வரும் கம்பி, சணல், பிளாஸ்டிக் கந்தல் எல்லாம் அதைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். அந்த வடத்தை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டே இருப்பார்கள். நீளமான கம்பி அதில் பின்னி வெளியேறிவிடும். சின்னத் துண்டுகள்தான் அடியில் போய்ச் சுழலியைக் கீறும். எனவே பேலைப் பிரிக்கும்போது கம்பியைத் துண்டு துண்டாக நறுக்குவது ஆலைக்குச் செய்யும் கெடுதல்.

பெட் பாட்டில் ஆலையில் இப்படி ஒரு கயிறு இல்லை. அங்கே ஒரு கம்பி தப்பினாலும் அரவை மெஷினின் கத்திகள் தெறிக்கும். அதற்கு அஞ்சிச் சிலர் பிளாஸ்டிக் பட்டைக்கு மாறுகிறார்கள். சிறிய பேலுக்குப் பட்டை பொருந்தும், ஆனால் எந்தப் பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். பாலிபுரொப்பிலீன் பட்டை தண்ணீர்த் தொட்டியில் மிதந்து பிரிந்துவிடும். பாலியெஸ்டர் பட்டையும் பாட்டிலும் ஒரே இனம் என்பதால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். பட்டை பச்சை நிறமாக இருந்தால் வெள்ளைச் சில்லு முழுக்கப் பச்சைப் பொட்டு விழும்.

கம்பியை வெட்டும் வேலைதான் இந்தத் தொழிலிலேயே அதிகம் கவனிக்கப்படாதது. இழுவிசையில் இருக்கும் கம்பி வெட்டுப்பட்டதும் சவுக்கைப்போல் பாயும். நீளக் கைப்பிடி வெட்டுக்கத்தி வேண்டும், கண்ணாடியும் கனத்த கையுறையும் வேண்டும். நிற்க வேண்டியது பேலின் பக்கவாட்டில். கம்பி சுற்றியிருக்கும் கோட்டுக்கு நேராக நிற்கக் கூடாது. ஏற்றி இறக்குபவர்கள் கொக்கியைக் கம்பியில் மாட்டித் தூக்குவதையும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும், அந்தக் கம்பி பேலின் விரிவைத் தாங்கப் போட்டது, பேலின் எடையைத் தாங்க அல்ல. வெட்டி முடித்ததும் எத்தனை கம்பி கட்டினோமோ அத்தனையும் கைக்கு வந்துவிட்டதா என்று எண்ண வேண்டும். நான்கு கட்டி மூன்றுதான் வந்திருக்கிறது என்றால் நான்காவது கிடைக்கும்வரை அந்தச் சரக்கு அரவைக்குப் போகக் கூடாது.