அருவிக்குப் போகும் போன்

மாஞ்சோலை போகும் வழியில் மணிமுத்தாறு அருவியில் குளிக்கும்போது படம் எடுக்க, குறைந்த விலையில் தண்ணீர் புகாத கேமரா எது வாங்கலாம்?
– வாசகி, வள்ளியூர்

கேமராவே வேண்டாம், சகோதரி. செல்போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் வாட்டர்புரூஃப் கவர் போதும். சில நூறு ரூபாய்தான். முதலில் போனுக்குப் பதிலாக டிஷ்யூ பேப்பரை உள்ளே வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். தாள் நனையவில்லையா, தைரியமாகக் கிளம்புங்கள். ஈரத்தில் தொடுதிரை சொன்னபடி கேட்காது. வால்யூம் பட்டனை அழுத்திப் படம் எடுங்கள். தண்ணீர் புகாத ஐபி68 தரப் போன் என்றாலும் கவர் வேண்டும். அந்தத் தரத்துக்கான சோதனை அசையாத தண்ணீரில் நடப்பது. அருவி அடிக்கிற அடி வேறு. மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து பக்கம் சாரல் பிடித்தால் அதே கவர் அங்கேயும் உதவும். அடிக்கடி தாமிரபரணியில் முங்கி நீந்துகிற குடும்பம் என்றால் மட்டும் கோடக் பிக்ஸ்புரோ டபிள்யூபிஇசட்2 கேமராவைப் பாருங்கள். 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும்.