புது ஏர் பிஸ்டல் வாங்கியாச்சா? ரேஞ்சில் முதல் நாளுக்கான குறிப்புகள்

அகாடமியில் எல்லாரும் எடுக்கும் பொதுப் பிஸ்டலில் பழகிவிட்டு, சொந்தமாக ஒரு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் வாங்குவது பெரிய செலவு. ஸ்டேயர், மொரினி, வால்தர், பர்தினி எதுவானாலும் லட்சத்தைத் தாண்டிவிடும். அவ்வளவு பணம் போட்ட பதற்றத்தில் பலர் முதல் நாளே ஸ்கோரைக் கூட்டிப் பார்த்து முகம் வாடிவிடுகிறார்கள். முதல் நாளில் கவனிக்க வேண்டியது ஸ்கோரை அல்ல, பிஸ்டல் கையில் எப்படி உட்காருகிறது என்பதை.

1. பெட்டியைத் திறந்ததும் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பொதுவாகச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் 10 ஆண்டு. கடையில் நெடுநாள் கிடந்த பிஸ்டல் என்றாலோ, செகண்ட் ஹேண்டில் வாங்கினாலோ இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். காலம் முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. அதைவிட முக்கியம், அது உங்கள் முகத்துக்கு எதிரே நீட்டிப் பிடிக்கிற பொருள்.

2. காற்றை மெதுவாக நிரப்புங்கள். அவசரமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகி, மீட்டர் 200 பார் காட்டும். ஆறியதும் முள் இறங்கிவிடும். 200-க்கு மேல் போகவே கூடாது. சுத்தமான காற்று மட்டும்தான். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. வால்வு, நிரப்பும் அடாப்டர் பக்கம் தேங்காய் எண்ணெய், மெஷின் ஆயில் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

3. பேரலில் நுழைக்கும் பளிச்சென்ற நிறச் சேஃப்டி கயிறு பையில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். சுடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அது பேரலிலேயே இருக்கட்டும். குழாய் எப்போதும் டார்கெட் பக்கம்தான். பக்கத்து லேனில் நிற்கும் நண்பரிடம் காட்டுவதற்குக்கூட மேசையை விட்டுத் திருப்பக் கூடாது.

4. கிரிப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால், பிஸ்டலின் பெயரைவிடக் கிரிப்பின் அளவுதான் பெரிய விஷயம். பெல்லட் போடாமல், குழாய் டார்கெட்டைப் பார்த்திருக்க, வழக்கம்போல் பிடித்து நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, மூச்சு அடங்கியதும் கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் நின்றால் கிரிப் பொருந்துகிறது. எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் கிரிப்பின் கோணத்தை மாற்ற வேண்டும். மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்யப் பழகினால் அந்தப் பழக்கம் பிறகு போகாது. ஐந்தாறு முறை தூக்கி இறக்கியபின் உள்ளங்கையைப் பாருங்கள். சிவப்புத் தடம் ஒரே சீராக இருந்தால் நல்லது. ஓர் இடத்தில் மட்டும் ஆழமாகக் குழிந்திருந்தால் அங்கே மரம் அழுத்துகிறது. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, உப்புத்தாளால் கொஞ்சங்கொஞ்சமாகத் தேயுங்கள். இடைவெளி இருக்கும் இடத்தில் வுட் புட்டி அப்பலாம். கீழே உள்ள உள்ளங்கைத் தாங்கியை இறுக்கிக் கையைக் கவ்வ வைக்காதீர்கள். மணிக்கட்டுக்குத் தாங்கல் தரும் கிரிப்பைப் போட்டிச் சோதனையில் நிராகரித்துவிடுவார்கள்.

5. ட்ரிகர் இழுவை விதிப்படி குறைந்தது 500 கிராம். சரியாக 500-இல் நிறுத்தாமல் பத்து இருபது கிராம் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் சோதனை மேசையில் எடைக்கல்லைத் தொங்கவிடும்போது விடுபட்டுவிடக்கூடும். பழைய பிஸ்டலில் ட்ரிகர் எந்த இடத்தில் தடுத்து நின்றதோ, அதற்கு நெருக்கமாகப் புதியதையும் அமைத்துக்கொண்டால் விரல் குழம்பாது.

6. முதல் கார்டைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் சுடுங்கள். கறுப்பு வட்டம் இல்லாததால் கண் தானாக முன் சைட்டில் நிற்கும். ஐந்து பெல்லட்டும் எங்கே விழுந்தன என்பதைவிட, எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பாருங்கள். இடது பக்கம் ஓரமாக விழுந்தாலும் நெருக்கமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். அது ஸ்க்ரூவைத் திருப்பினால் தீரும் வேலை.

7. அதன் பிறகுதான் சைட். பெல்லட் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் 8 மில்லிமீட்டர். ஒரு கிளிக் எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தும் என்பது பிஸ்டலோடு வரும் கையேட்டில் இருக்கும். ஒரு பெல்லட்டை நம்பித் திருப்பாமல், ஐந்து சுட்டபின் திருப்புங்கள். எத்தனை கிளிக், எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் கிரிப், ட்ரிகர், சைட் மூன்றையும் மாற்றினால் எது உதவியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

8. பெல்லட் தட்டைத் தலை உள்ளதாக இருக்கட்டும். அதுதான் கார்டில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடும். இரண்டு மூன்று வகை டப்பா வாங்கிப் பார்த்து, நெருக்கமாக விழும் வகையையே தொடருங்கள்.

9. ஸ்க்ரூக்களையும் லோடிங் லீவரையும் கிளம்பும் முன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. நேரத்தை இழந்தும் 575 எடுத்தார்; இடம் 12. முதல் 8 பேருக்குத்தான் இறுதிச் சுற்று. பாரிஸில் 2024-இல் அதே 10 மீட்டர் பிரிவில் வெண்கலம் வாங்கினார். எந்தப் பிஸ்டலும் எந்த நாளும் மக்கர் செய்யலாம். பிஸ்டலுக்குரிய ஆலன் கீ செட்டும் ஓ-ரிங்கும் பையில் இருப்பது நல்லது.

10. பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்வதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

11. சென்னை மாதிரி ஊரில் கை வியர்வையே இரும்பைத் தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பிஸ்டல் பெட்டிக்குள் போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சிலிண்டரை விட்டுவைக்காதீர்கள். பிஸ்டல் ஒரு பூட்டில், கழற்றிய சிலிண்டரும் பெல்லட்டும் வேறொரு பூட்டில். வாங்கிய பில்லின் நகல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். வழியில் யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.