ஒரே ஒரு படம் போதுமா? - ஆளில்லா உளவு விமானத்தை அடையாளம் காணும் முறை

2013ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள். கிழக்குச் சீனக் கடலின் மேல் விமானி இல்லாத விமானம் ஒன்று பறந்தது. ஜப்பானியப் போர் விமானம் அதை அணுகிப் படம் பிடித்தது. ‘நாடு தெரியாத ஆளில்லா விமானம்’ என்று மட்டும் அறிவித்து, ஜப்பான் பாதுகாப்பு அமைச்சகம் படத்தை வெளியிட்டது. ஆனால் படத்தைப் பார்த்த வல்லுநர்கள், இது சீனாவின் பி.இசட்.கே-005 வகையாக இருக்க வேண்டும் என்றனர்.

அக்கடலிலுள்ள சில தீவுகளுக்கு இரு நாடுகளும் உரிமை கொண்டாடி வந்த காலம் அது. வந்தது படம் எடுக்கும் விமானமா, குண்டு வீசும் விமானமா என்பதைத் தவறாகக் கணித்தால் பூசல் பெரிதாகிவிடும். அப்படியானால், ஒரு படத்திலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? காண்போம்.

வடிவம் சொல்லும் செய்தி

விமானத்தின் வண்ணத்தையும் எண்ணையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம். வடிவத்தை அப்படி மாற்ற இயலாது. ஆகவே முதலில் இறக்கை, வால், எஞ்சின் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

பி.இசட்.கே-005இல் இறக்கையிலிருந்து இரண்டு தண்டுகள் பின்னோக்கி நீண்டு வாலைத் தாங்குகின்றன. அவற்றுக்கு நடுவே, உடலின் பின்முனையில் சுழல்விசிறி இருக்கிறது. டி.பி-001 என்ற மற்றொரு சீன விமானத்துக்கும் இரட்டைத் தண்டுகள் உண்டு. ஆனால் அதில் ஒவ்வொரு தண்டின் முன்முனையிலும் ஓர் எஞ்சின் உள்ளது. எஞ்சின் இருக்கும் இடத்தைக் கொண்டே இரண்டையும் பிரித்துவிடலாம்.

டபிள்யூ.இசட்-7 இன்னும் எளிது. அதன் முன் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. பின் இறக்கை முன்னோக்கி வந்து அதனுடன் இணைகிறது. மேலிருந்து பார்த்தால் சாய்சதுரம் போலத் தோன்றும். இத்தகைய விமானம் அரிது. ‘டபிள்யூ.இசட்’ என்பது ‘ஆளில்லா உளவு’ என்று பொருள்படும் சீனச் சொற்களின் சுருக்கமாகும்.

உறுப்பிலிருந்து வேலையை ஊகித்தல்

2019 அக்டோபர் 1 அன்று பெய்ஜிங் அணிவகுப்பில் டபிள்யூ.இசட்-8 காட்டப்பட்டது. அதில் சுழல்விசிறி இல்லை. காற்றை உள்ளிழுக்கும் வாயும் இல்லை. ஜெட் எஞ்சின் எரிபொருளை எரிக்க வெளிக்காற்று வேண்டும். வாயே இல்லையென்றால்? எரிவதற்கான ஆக்சிஜனை விமானமே சுமந்து செல்ல வேண்டும். அதாவது, அது ராக்கெட்டால் இயங்குவது. ராக்கெட் எரிபொருள் விரைவில் தீர்ந்துவிடும். எனவே தரையிலிருந்து கிளம்பி நெடுந்தூரம் செல்வது கடினம். அதன் முதுகிலோ தொங்கவிடுவதற்கான பிணைப்புகள் காணப்பட்டன. ஆகவே வேறொரு பெரிய விமானம் அதைச் சுமந்து சென்று வானில் விடுகிறது என்று முடிவு செய்யலாம். பார்த்தீர்களா? பாடப்புத்தகத்தில் படித்த எரிதல் பாடம் இங்கே துப்பறிய உதவுகிறது!

அளந்து பார்த்தல்

துணைக்கோள் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. ஒரு புள்ளி தரையில் 0.5 மீட்டரைக் குறிப்பதாகக் கொள்வோம். ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை 48 புள்ளிகள் இருந்தால்,

48 × 0.5 = 24 மீட்டர்.

ஆனால் முனைகள் மங்கலாக இருக்கும். ஒவ்வொரு முனையிலும் ஒரு புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். எனவே 23 முதல் 25 மீட்டர் வரை என்பதே சரியான விடை. டபிள்யூ.இசட்-7இன் இறக்கை சுமார் 24 மீட்டர், பி.இசட்.கே-005க்குச் சுமார் 18 மீட்டர். இவ்விரண்டில் இது எது என்பதில் ஐயமில்லை.

இப்போது 38 புள்ளிகள் கிடைத்தால்? 19 மீட்டர், பிழையையும் சேர்த்தால் 18 முதல் 20 வரை. டி.பி-001இன் இறக்கையோ சுமார் 20 மீட்டர். இரண்டு விமானங்களுமே பொருந்துகின்றன! அளவு மட்டும் போதாது. மீண்டும் எஞ்சினைத் தேட வேண்டும்.

உயரத்தை அறிய நிழல் உதவும். நிழலின் நீளத்தைச் சூரியனின் ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் உயரம் வரும். சூரியன் 45 பாகையில் இருக்கும்போது நிழலின் நீளமே உயரம்.

ஏமாறும் இடங்கள்

ஒன்று: சாய்வாக எடுத்த படத்தில் நீளம் குறைந்து தெரியும். 24 மீட்டர் இறக்கை 60 பாகை திரும்பியிருந்தால் 12 மீட்டர் போலவே தோன்றும்.

இரண்டு: ஒரே வேலைக்கு அமைந்தவை ஒரே சாயலில் இருக்கும். சீனாவின் விங் லூங், அமெரிக்காவின் பிரிடேட்டரை ஒத்திருக்கும். வாலைப் பாருங்கள்: பிரிடேட்டரில் இரண்டு வால் தகடுகளும் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், விங் லூங்கில் மேல்நோக்கி விரிந்திருக்கும்.

மூன்று: கண்காட்சியில் வைத்த மாதிரி, பறக்கும் விமானமாகாது. டபிள்யூ.இசட்-7இன் மாதிரி 2006இலேயே ஜுஹாய் கண்காட்சியில் வைக்கப்பட்டது. மாதிரியைக் கண்டதும் ‘விமானம் தயார்’ என்று கூறிவிடலாகாது.

நான்கு: கேமராவின் திறனையோ, விமானம் செல்லும் தொலைவையோ வெளித்தோற்றம் துல்லியமாகக் காட்டாது.

எனவே நல்ல ஆய்வாளர் தம் குறிப்பை மூன்றாகப் பிரித்து எழுதுவார்: படத்தில் கண்டவை, கணக்கிட்டவை, ஊகித்தவை. மூன்றையும் கலந்துவிட்டால் ஊகமே உண்மைபோல் பரவிவிடும்.

செய்து பாருங்கள்

ஒரு சைக்கிளை நேர்ப்பக்கத்திலிருந்து படம் எடுங்கள். சக்கரத்தின் உண்மையான விட்டத்தை அளந்துகொண்டு, படத்திலுள்ள விகிதத்தைக் கொண்டு சைக்கிளின் நீளத்தைக் கணக்கிடுங்கள். பிறகு சாய்வாக ஒரு படம் எடுத்து, சக்கரத்தின் உயரத்தையே அளவாகக் கொண்டு மீண்டும் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன? காரணத்தை எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.