உழவாரம் கற்பிக்கும் விடுதலை



ஆலயத் திருப்பணிக்குப் பொருள் கொடுப்பது நல்லறம். அதில் இரு கருத்து இல்லை. ஆனால், கொடுத்த பொருளை நாம் உண்மையிலேயே விட்டுவிட்டோமா என்பது வேறு கேள்வி. கை விட்டதை மனம் பிடித்துக்கொண்டே இருக்கலாம். பளிங்குக் கல்லில் பெயர் எந்த வரிசையில் வந்திருக்கிறது, உபய நாளில் மாலை முதலில் யார் கழுத்தில் விழுந்தது என்று மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்குமானால், பொருள்தான் போயிற்று, பற்றுப் போகவில்லை. 'நான்', 'எனது' என்னும் இந்த முடிச்சு அவிழ்வதையே நம் பெரியோர் விடுதலை என்றனர்.

இதைத் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றிலிருந்து சற்று ஆராய்வோம். சூலை நோய், கல் தெப்பமாக மிதந்தது ஆகிய நிகழ்ச்சிகளை நாம் அறிவோம். அவற்றுக்கு முன்னும் பின்னும் சேக்கிழார் பெருமான் காட்டும் சில காட்சிகளை விரைந்து கடந்துவிடுகிறோம்.

திருவாமூரில் மருணீக்கியார் என்னும் பெயரோடு வாழ்ந்த இளம் பருவத்திலேயே அவர் பெருங்கொடையாளர். தாய் தந்தையர் மறைந்தனர். தமக்கையார் திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். உலகின் நிலையாமையை உணர்ந்த அந்த இளைஞர் அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளம் தோண்டினார், வந்தோர்க்கு வேண்டியதைக் கொடுத்தார். இதற்கு மேல் ஒருவர் என்ன கொடுக்க முடியும்? ஆயினும் அவர் மனம் அமைதி பெறவில்லை. உண்மையைத் தேடிப் புறப்பட்டார். சமணம் சேர்ந்து தருமசேனர் என்னும் பெயரோடு உயர்ந்த நிலையிலும் இருந்தார். பின்னரே திருவதிகையில் தமக்கையார் கையால் திருநீறு பெற்றார். கொடை அவரை நல்லவராக்கியது. ஆனால் கொடை மட்டும் அவரை விடுவித்துவிடவில்லை. நம்போன்ற உபயகாரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அடுத்து, திங்களூர். அப்பர் பெருமான் அவ்வூர் வழியே வந்தபோது ஒரு தண்ணீர்ப் பந்தலில் திருநாவுக்கரசு என்னும் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்கக் கண்டார். அமைத்தவர் அப்பூதி அடிகள். அதுவரை அவர் அப்பரை நேரில் கண்டதே இல்லை. பந்தலுக்கு மட்டுமா, பெற்ற பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்த அளவைகளுக்கும்கூட அந்தப் பெயரையே வைத்திருந்தார். நீர் செய்த அறத்துக்கு உம்முடைய பெயரை வைக்காமல் வேறொருவர் பெயரை வைத்தது ஏன் என்று அப்பர் கேட்டார். வந்தவர் யாரென்று அறியாத அப்பூதியாருக்குச் சினம் வந்துவிட்டது! தம் பெயர் விடுபட்டதற்காக வந்த சினம் அன்று அது. அந்தத் திருப்பெயரை 'வேறொருவர் பெயர்' என்று சொல்லிவிட்டாரே என்று வந்த சினம். அப்பரோ, ஊரெங்கும் தம் பெயரைக் கண்டும், சூலை நோய் தந்து ஆட்கொள்ளப்பட்ட சிறியேன் நான் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

மூன்றாவது காட்சி திருப்புகலூர். முதுமையில் அங்கே தங்கி உழவாரப் பணி செய்து வந்தார். உழவாரம் என்பது புல் செதுக்கும் சிறிய கருவி. அது பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றும்படி இறைவன் செய்தான். அவரோ பருக்கைக் கல்லோடு கல்லாக அவற்றையும் உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். ஒரு வகுப்பில் இதை நான் சொன்னபோது, ஆலயப் பொருளாளராக இருந்த நண்பர் ஒருவர், "உண்டியலிலாவது போட்டிருக்கலாமே ஐயா!" என்றார். எல்லாரும் சிரித்தோம். கேள்வி நியாயமானதுதான்.

விடை திருவீழிமிழலையில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுது படைக்க, அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு கொடுத்தருளினான். அப்பர் அதை மறுக்கவில்லை. பசித்தோர்க்குத் தேவைப்பட்ட பொன்னை ஏற்றார். தேவையில்லாமல் வந்த பொன்னை எறிந்தார். ஆகவே பற்றின்மை என்பது பொருளை வெறுப்பதன்று. இன்னொரு செய்தியும் உண்டு: சம்பந்தரின் காசை மாற்றும்போது வாசி, அதாவது வட்டம், பிடிக்கப்பட்டது, அப்பரின் காசுக்கு அந்தக் கழிவு இல்லை. அவர் கையால் தொண்டு செய்ததே அதற்குக் காரணம் என்கிறது புராணம்.

கையால் செய்யும் தொண்டைச் சைவம் சரியை என்கிறது. அலகிடுதல், மெழுகிடுதல், மலர் தொடுத்தல், விளக்கிடுதல் எல்லாம் அதில் அடங்கும். நால்வருள் அந்நெறிக்கு எடுத்துக்காட்டு அப்பரே. நான்கு நெறிகளில் சரியை முதற்படி என்பதால் அதை எளிதென்று எண்ணிவிடுகிறோம். என் எண்ணம் வேறு. காசோலை எழுதும்போது பெயர் எழுதியே தீர வேண்டும். தரையைக் கூட்டும்போது பெயர் எழுத இடமே இல்லை. திருக்குறளின் துறவு அதிகாரத்து முதற்குறளைச் சொல்லும்போது உதடுகள் ஒட்டுவதில்லை. பத்தாம் குறளில் ஒட்டிக்கொண்டே இருக்கும். முன்னது பற்றுகளை விலக்கச் சொல்வது. பின்னது அவற்றை விடுவதற்காகவே பற்றற்றவனைப் பற்றச் சொல்வது. வெறுங்கையாக இருந்து பற்றை விடுவது அரிது. கைக்கு ஒரு வேலை வேண்டும்.

இதை எழுதும் அடியேன் தேறியவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் நினைவாக ஓர் ஆலயத்துக்குப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை உபயமாகக் கொடுத்தேன். அடிப்பாகத்தில் அவர் பெயரையும், அதன் கீழ் என் பெயரையும் பொறிக்கச் செய்தேன். குடமுழுக்கு முடிந்து போய்ப் பார்த்தால், விளக்கு அர்த்த மண்டபத்தில் இல்லை. சமையற்கட்டை ஒட்டிய அறையில் அண்டா, வாளிகளோடு நின்றது. எட்டு மாதம் அந்த ஆலயத்துப் பக்கமே போகவில்லை. தந்தையாருக்கு அவமதிப்பு என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் வலித்தது கீழ்வரிதான்.

நவராத்திரிக்கு முன் பாத்திரம் துலக்க ஆள் போதவில்லை என்று என் துணைவியார் வற்புறுத்தி அழைத்துப் போனார். புளியும் சாம்பலுமாகக் காலையிலிருந்து உட்கார்ந்து தேய்த்தோம். எத்தனையோ விளக்குகள், தாம்பாளங்கள்; ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பெயர். பல பெயர்கள் தேய்ந்து பாதி எழுத்தே மிஞ்சியிருந்தன. அவர்கள் யாரென்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. பின்னர் என் விளக்கும் வந்தது. அதையும் மற்றவற்றைப் போலவே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பணிக்குப் போய் வருகிறேன். விளக்கு இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. அதை இடம் மாற்றும்படி யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் துலக்கும்போது கை தானாக அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறது; அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.