உடையாத கார் வேண்டுமா? வளைந்து கொடுக்கும் கார் செய்யுங்கள்!

மாணவர்களே, உங்கள் வீட்டில் ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் இருக்கிறதா? மண்ணிலும் புல்லிலும் பாய்ந்து ஓடும் 'பகி' ரகக் காரைத்தான் கேட்கிறேன். அதை எட்டு வயதுத் தம்பியிடமோ தங்கையிடமோ ஒருநாள் கொடுத்தால் என்ன ஆகும்? சில நிமிடங்களிலேயே கார் சுவரிலோ சாலையோரக் கல்லிலோ மோதும். முன்சக்கரத்தைத் தாங்கும் கை முறியும். உதிரிப்பாகம் வாங்கும்வரை கார் அலமாரியில் கிடக்கும். இப்படி இரண்டு முறை நடந்தால், "எனக்கு ஓட்ட வராது" என்று அந்தப் பிள்ளை ஒதுங்கிவிடும்.

தவறு பிள்ளையிடம் இல்லை. ஓட்டிப் பழகுபவர் எவரும் மோதத்தான் செய்வார். அந்த மோதலைத் தாங்கும்படி காரை அமைக்காததுதான் தவறு. எப்படி அமைப்பது? எல்லாப் பாகங்களையும் இரும்புபோல் உறுதியாக்கினால் போதும் என்றுதான் பலரும் நினைப்போம். இயற்பியல் வேறு பதில் சொல்கிறது.

மோதலில் நடப்பது என்ன?

உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட பகியின் பொருண்மை ஏறத்தாழ 1.5 கிலோகிராம். அது மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் இயக்கச் சக்தி 0.5 × 1.5 × 10 × 10 = 75 ஜூல். அதே காரை ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால், தரையைத் தொடும் கணத்தில் அதற்கு இருக்கும் சக்தியும் இதுதான். முதல் மாடியிலிருந்து காரைத் தூக்கி எறிவதற்குச் சமம்!

சுவரில் மோதிய கார் நிற்க வேண்டுமானால், இந்த 75 ஜூல் முழுவதும் எங்காவது செலவாக வேண்டும். வேலை = விசை × தூரம் என்று படித்திருப்பீர்கள். கார் நிற்பதற்குள் 5 மில்லிமீட்டர் மட்டுமே நசுங்கினால், சராசரி விசை 75 ÷ 0.005 = 15,000 நியூட்டன். இது 1,500 கிலோகிராம் பொருளின் எடை. அந்த விசையை எட்டுவதற்கு முன்பே ஏதாவது ஒரு பாகம் முறிந்துவிடும். நசுங்கும் தூரத்தை 30 மில்லிமீட்டராக்கினால், விசை 2,500 நியூட்டனாகக் குறைகிறது. காரும் வேகமும் சுவரும் மாறவில்லை. நிற்க எடுத்துக்கொண்ட தூரம் மட்டுமே மாறியது.

முதல் வேலை: வேகத்தைக் குறையுங்கள்

மேலே உள்ள கணக்கில் வேகம் வர்க்கமாக வருவதைக் கவனித்தீர்களா? வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி பாதியாகாது, கால் பங்காகும். மணிக்கு 18 கிலோமீட்டரில் நம் காரின் சக்தி 18.75 ஜூல்தான். அதை 30 மில்லிமீட்டரில் நிறுத்தினால் விசை 625 நியூட்டன். முதலில் வந்த 15,000 நியூட்டனோடு ஒப்பிட்டால், இது 24 மடங்கு குறைவு.

வேகத்தைக் குறைக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பல ரிமோட்டுகளில் மோட்டாரின் உச்ச வேகத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பு உண்டு. இல்லாவிட்டால், மோட்டாரின் அச்சிலுள்ள பற்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, குறைந்த பற்கள் உள்ளதைப் பொருத்துங்கள். வேகம் குறையும், மோட்டாரும் அவ்வளவு சூடாகாது.

ஜப்பானின் தமியா நிறுவனம் 1984-இல் வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் என்ற பகி, புதிதாக ஓட்டுபவர்களுக்கான கார். அதில் 380 என்ற சிறிய ரக மோட்டாரைத்தான் வைத்தார்கள். அதே ஆண்டில் வந்த ஹார்னெட், அதே அடித்தள அமைப்பில் உருவானது. அதில் 540 என்ற பெரிய மோட்டார் இருந்தது. பழகுபவருக்குச் சிறிய மோட்டார், பழகியவருக்குப் பெரிய மோட்டார்!

இரண்டாம் வேலை: நசுங்க இடம் கொடுங்கள்

காரின் முன்பக்கத்தில் மென்மையான நுரைத்துண்டு ஒன்றைப் பொருத்துங்கள். மின்சாதனப் பெட்டிகளில் வரும் வெள்ளை நுரை ஆகாது. அது ஒரே மோதலில் நொறுங்கிவிடும். அழுத்தினால் சுருங்கி, விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நுரையே தேவை. அது இரு முன்சக்கரங்களையும் மறைக்கும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். பழகும் பிள்ளைகள் நேராக மோதுவதைவிட, ஒரு பக்கச் சக்கரத்தை இடிப்பதே அதிகம்.

அடுத்து, சக்கரங்களைத் தாங்கும் கைகள். இவை பெரும்பாலும் நைலானால் ஆனவை. உடைந்ததும் பலர் பளபளக்கும் அலுமினியக் கைகளை வாங்கி மாட்டுகிறார்கள். இங்கேதான் பொறி இருக்கிறது. நைலான் மோதும்போது வளைந்து, சக்தியில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு, பிறகு நிமிர்ந்துவிடும். அலுமினியமோ அதிகம் வளையாது. வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். அது வளையாதபோது விசை எங்கே போகும்? கையைத் தாங்கும் பகுதிக்கும், அங்கிருந்து அடித்தளத்துக்கும் போகும். மலிவான கையைக் காப்பாற்றப் போய், விலை உயர்ந்த அடித்தளத்தைப் பலி கொடுத்த கதையாகிவிடும்.

இன்னொரு செய்தி: நைலான் ஈரத்தை உறிஞ்சும். நன்றாக உலர்ந்த நைலான் எளிதில் முறியும். சற்று ஈரம் ஏறியது கூடுதலாக வளைந்து கொடுக்கும். அதனால்தான் சிலர் புதிய நைலான் கைகளை வெந்நீரில் ஊறவைத்த பிறகு பொருத்துகிறார்கள்.

மூன்றாம் வேலை: விட்டுக்கொடுக்கும் பாகத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்

வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் எதற்கு? மின்னோட்டம் மிகும்போது அது உருகி, மற்ற சாதனங்களைக் காக்கிறது. காரிலும் இப்படிப்பட்ட பாகங்கள் உண்டு.

முன்சக்கரங்களைத் திருப்புவது சர்வோ என்னும் சிறு மோட்டார். சக்கரம் கல்லில் இடித்தால் அந்த அதிர்ச்சி சர்வோவின் நுண்ணிய பற்களை உடைத்துவிடும். இடையில் 'சர்வோ சேவர்' என்னும் சுருள்வில் அமைப்பு இருந்தால், அது சற்றே நழுவி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதேபோல, மேட்டிலிருந்து தாவும் கார் வேகமாகச் சுழலும் சக்கரங்களோடு தரையில் விழும்போது 'ஸ்லிப்பர் கிளட்ச்' கொஞ்சம் வழுக்கி, பற்சக்கரங்களைக் காக்கும். இரண்டையும் இறுக்கமாக முடுக்கிவிட்டால் அவை இருந்தும் பயனில்லை. அளவாக முடுக்குவது எப்படி என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள்.

சிறிய வேலைகள் சில

காரின் மேல்கூடு மெல்லிய பாலிகார்பனேட்டால் ஆனது. கூர்மையான மூலைகளில் விசை குவிவதால், அங்கேதான் விரிசல் தொடங்கும். எனவே வெட்டிய மூலைகளை வளைவாகத் தேய்த்துவிடுங்கள். விரிசல் விழுந்துவிட்டால், அதன் முனையில் சிறிய வட்டத் துளை போட்டால் மேலும் பரவுவது குறையும். உட்புறத்தில் கண்ணாடியிழை வலைப்பட்டையை வைத்து, காய்ந்தபின்னும் நெகிழும் காலணிப் பசையைப் பூசினால் கூடு நீண்ட நாள் உழைக்கும்.

உலோகத்தில் உலோகம் சேரும் திருகுகளுக்கு மட்டும் திருகுப் பசை போடுங்கள். நெகிழியில் அது பட்டால் சில வகை நெகிழிகள் வெடித்துவிடும்.

சிறுவர்கள் ஓட்டும் காருக்கு லித்தியம் பாலிமர் பேட்டரியைவிட, 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி ஏற்றது. அடிபட்ட லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். அது உப்பியிருந்தால் மீண்டும் மின்னேற்றவே கூடாது.

நீங்களே சோதியுங்கள்

ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டியபின்னும் எதில் மோதியது, என்ன வேக வரம்பு, எது உடைந்தது என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒரே பாகம் திரும்பத் திரும்ப உடைந்தால், அதை உறுதியாக்கும் முன் விசை எந்த வழியாக அங்கே வருகிறது என்று பாருங்கள்.

மோதாமல் தொடர்ந்து பத்துச் சுற்று ஓட்டிவிட்டால், வேக வரம்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அடுத்த பத்துச் சுற்றுக்குப் பின் இன்னும் கொஞ்சம். உங்கள் தம்பியோ தங்கையோ முழு வேகத்தில் ஓட்டும் நாளில், காரும் முழுதாக இருக்கும். ஓட்டும் ஆசையும் குறையாமல் இருக்கும்.