எந்தப் பூனையை வீட்டுக்குக் கொண்டுவருவது?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் பிள்ளைகள் பரிசாகப் பூனை கேட்கிறார்கள். எந்தப் பூனை என்பதை டிக்டாக்கில் பார்த்து முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். பெற்றோர் பக்கம் வேறு கணக்கு: "வாங்குவதுதான் வாங்குகிறாய், நாலு பேர் பார்த்துக் கேட்கிற மாதிரி வாங்கு, தெருப்பூனை வேண்டாம்." பிரிக்பீல்ட்ஸ் கொண்டோக்களிலும் கிள்ளான் தாமான்களிலும் தெரிந்தவர்கள் வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பூனையின் உடம்பு எப்படி என்று கேட்பவரைத்தான் காணோம்.

பெர்சியன், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், மெயின் கூன் மூன்றும் எல்லாரும் அறிந்தவை. பெர்சியன் சாது. ஆனால் முகம் தட்டையாக ஆக மூச்சு சிரமப்படும், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். நம் வெக்கையில் அந்த ரோமத்தைத் தினமும் சீவ வேண்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயும் அதற்கு உண்டு. அதற்குக் காரணமான மரபணுப் பிழை 2004-இல் கண்டறியப்பட்டது, சோதனை எளிது. மெயின் கூனுக்கு இதயத் தசை தடிக்கும் நோய். அதன் மரபணு 2005-இல் தெரிந்தது. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரிலும் இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது. தாய், தகப்பன் இரண்டின் சோதனை அறிக்கையையும் காட்டாத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

என் கவலையெல்லாம் ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பற்றித்தான். காது மடிந்து, ஆந்தை போல உருண்டை முகத்தோடு இருக்குமே, அதுதான். ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் ஒரு பண்ணையில் 1961-இல் கண்ணில் பட்ட சூசி என்ற வெள்ளைப் பூனையின் வழிவந்த இனம். காது ஏன் மடிகிறது? அங்கே குருத்தெலும்பு உறுதியாக வளரவில்லை. அதே குருத்தெலும்புதான் கால் மூட்டிலும் வாலிலும் இருக்கிறது. காதை மடக்கும் பிழை அங்கே மட்டும் சும்மா இருக்குமா? டி.ஆர்.பி.வி.4 என்ற மரபணுவில் அந்தப் பிழை இருப்பது 2016-இல் உறுதியானது. அதன் ஒரு பிரதி இருந்தாலே மூட்டு நோய் வருகிறது. ஒரு பூனைக்குச் சீக்கிரம், கடுமையாக. இன்னொன்றுக்குத் தாமதமாக, மெதுவாக. "மடிந்த காதும் நேர்க்காதும் சேர்ந்து பிறந்த குட்டி, பயமில்லை" என்று விற்பவர்கள் சொல்வார்கள். கடுமை குறையலாம், நோய் போகாது.

கிள்ளானில் ஒரு வீட்டில் அப்படி ஒரு பூனையைப் பார்த்தேன். சோபாவின் அடியில் நின்று அண்ணாந்து கத்தும். பிள்ளை தூக்கி மேலே வைப்பாள். "தூக்கிவைத்தால்தான் இதற்குப் பிடிக்கும்" என்றாள் பெருமையாக. வாலின் அடியை மெல்லத் தொட்டுப் பார்த்தேன். வளைய வேண்டிய இடம் விறைத்துக் கிடந்தது. அதனால் ஏற முடியவில்லை, அவ்வளவுதான். பின்னங்காலை முன்னால் நீட்டி மனிதர் போல உட்கார்ந்திருக்கும் படங்களுக்கு எத்தனை லைக்! பல சமயம் அது மூட்டு வலிக்கு இதமாக உட்காரும் நிலை. பூனை வலியைக் காட்டாத பிராணி.

பிரிட்டனின் முதன்மைப் பூனைச் சங்கம் 1970-களின் தொடக்கத்திலேயே இந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. நெதர்லாந்தில் இதை வளர்த்துப் பெருக்குவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. இங்கே மட்டும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்குகிறோம். தயவுசெய்து வாங்காதீர்கள். இதில் நல்ல விற்பனையாளர், கெட்ட விற்பனையாளர் என்ற பேச்சே கிடையாது. மடிந்த காதுதான் நோய்.

மற்ற இனங்களில் கேட்க வேண்டியது உறவுக் கலப்பைப் பற்றி. சொந்தத்துக்குள் கல்யாணம் வேண்டாம் என்று மருத்துவர் நமக்குச் சொல்லும் அதே காரணம்தான். இரண்டு பக்கமும் ஒரே மறைந்த குறை சேர்ந்தால் குட்டியில் வெளிப்படும். பர்மீஸ் இனமே 1930-இல் அமெரிக்காவுக்குப் போன வோங் மாவ் என்ற ஒரு பூனையிலிருந்து தொடங்கியது. 2008-இல் வந்த மரபணு ஆய்வில் பர்மீஸும் சிங்கப்பூராவும் மிகக் குறைந்த பன்மை கொண்டவையாகத் தெரிந்தன. வீட்டில் ஒரே கடுவனை வைத்து அதன் மகள்களோடே சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே குட்டியின் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் மனம் கம்போங் பூனையின் பக்கம்தான்; மறைக்க ஒன்றுமில்லை. பலவகை ரத்தம் கலந்து, இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு. வால் குட்டையாகவோ முறுக்கியோ இருந்தால் யாரோ ஒடித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த வட்டாரத்துப் பூனைகளில் அது பிறவியிலேயே பரவலாக இருப்பது. தடுப்பூசியும் கருத்தடையும் இதற்கும் தேவை.

எந்தப் பூனையானாலும் முதலில் உங்களைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எல்.ஆர்.டி. பிடித்து இரவு திரும்புகிறவருக்குத் துறுதுறுவென்ற குட்டி ஒத்துவராது. தினமும் சீவப் பொறுமை இல்லாதவர் நீள ரோமப் பூனை வளர்க்க வேண்டாம். பூனை பதினைந்து ஆண்டு கூட வாழும். பரிசு கேட்கும் பிள்ளை பல்கலைக்கழகம் போனபின் அது அம்மாவின் பூனையாகிவிடும். அதனால் அம்மாவையும் கேளுங்கள். அம்பாங்கில் எஸ்.பி.சி.ஏ. சிலாங்கூர் காப்பகத்துக்கு ஒரு முறை போனதும் முடிவெடுக்காமல், இரண்டு மூன்று முறை போய் உட்காருங்கள். குட்டியைவிட இரண்டு வயதுப் பூனையைக் கேட்பது நல்லது. அதன் குணமும் நடையும் அப்போதே தெரிந்துவிடும். கூட்டி வருவதற்கு முன் கொண்டோ பால்கனிக்கு வலை அடித்துவிடுங்கள்.