கைத்தொலைபேசியில் காசு விளையுமா?



நம் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கொழும்பில் கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலை பார்க்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லயத்துக்கு வரும்போது உடுப்பும் இனிப்பும் கொண்டு வருகிறார்கள். கூடவே புதுப் பேச்சும் வருகிறது. பிட்கொயின், கிரிப்டோ, மைனிங் என்பதெல்லாம் அப்படி வந்த பேச்சுத்தான். இது என்ன? பொழுதுபோக்காகத் தொடங்கலாமா? காசு போடலாமா? விளங்கிக்கொள்ள ஒரு கதை சொல்கிறோம்.

ஜிந்துப்பிட்டியில் ஒரு மாடி அறை. மலைநாட்டுப் பையன்கள் நாலு பேர் வாடகையைப் பங்கு போட்டுத் தங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவன் ஓர் இரவு அம்மாவுக்குப் போன் எடுத்து, "அம்மா, ஒங்க தோட்ட அடகு வச்சு அம்பதாயிரம் அனுப்புங்க. ரெண்டு மாசத்துல மீட்டுத் தாறேன்" என்றான். அம்மா மறுக்கவில்லை. "மொதல்ல மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளு" என்று மட்டும் சொன்னார். மாமா செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் பல வருசம் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் கும்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார்கள்.

"மாமா, போன்ல ஒரு ஆப் இருக்கு. அம்பதாயிரம் போட்டா அதுவே மைனிங் பண்ணும். நாளுக்கு ஆயிரம் ரூபா வரும். ரெண்டு பேரச் சேத்துவிட்டா இன்னும் கூட வரும்."

மாமா சிரிக்கவில்லை. "மாப்புள்ள, 2024ல வர்த்தமானியில வந்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபா. ஒங்கம்மா மழையில நனைஞ்சு கொழுந்து எடுத்து வாங்குற காசு அது. ஒன் போன் சும்மா கெடந்து ஆயிரம் சம்பாதிக்குதுன்னா, அந்தக் காசு எங்க இருந்து வருதுன்னு கேக்க வேணாமா?" என்றார்.

இந்த ஒரு கேள்விதான் இன்றைய பாடம்.

இது என்ன நாணயம்?

2008ஆம் ஆண்டு சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் பிட்கொயின் திட்டத்தை எழுதி வெளியிட்டார். 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. கையில் பிடிக்கக்கூடிய காசு அல்ல இது. கணக்குப் புத்தகத்தில் இருக்கும் எண்தான்.

நம்ம தோட்டத்துச் செக்ரோலை நினைத்துப் பாருங்கள். அது ஒரே ஒரு பிரதியாக ஆபிசில் இருந்தால், ஒருவர் பேரை அரைப்பேராக மாற்றினாலும் நமக்குத் தெரியாது. அதே செக்ரோலின் பிரதி ஒவ்வொரு லயத்திலும் இருந்தால்? ஒருவர் மட்டும் திருத்த முடியாது. மற்றப் பிரதிகள் காட்டிக்கொடுத்துவிடும். பிட்கொயினும் இப்படித்தான். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற பதிவு உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்கொயினுக்கு மேல் உருவாகாது என்பதும் அதன் விதி.

மைனிங் என்றால் என்ன?

அந்தக் கணக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? இதற்கு ஒரு போட்டி நடக்கிறது. எண் பூட்டை ஒவ்வோர் எண்ணாகத் திருப்பித் திறந்து பார்ப்பதுபோல, கணினிகள் ஒரு விடையை ஊகித்துக்கொண்டே இருக்கும். சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை உலகில் எங்கேயோ ஒருவருக்கு விடை கிடைக்கும். அவருக்குப் புது நாணயம் பரிசு. இதைத்தான் மைனிங் என்கிறார்கள். ஆரம்பத்தில் பரிசு 50 பிட்கொயின். ஏறக்குறைய நான்கு வருசத்துக்கு ஒரு தடவை அது பாதியாகக் குறையும். 2024 ஏப்ரலில் 3.125 ஆகியது.

முதல் வருசங்களில் வீட்டுக் கணினியாலேயே பொழுதுபோக்காக இதைச் செய்ய முடிந்தது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று இதற்கென்றே செய்த இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கிய பெரிய மண்டபங்கள் போட்டியில் நிற்கின்றன. ஆன்ட்மைனர் எஸ்19 என்ற இயந்திரம் ஒன்று சுமார் 3,250 வாட் மின்சாரம் இழுக்கும். கணக்குப் போடுங்கள்: ஒரு மணித்தியாலத்துக்கு 3.25 யூனிட், ஒரு நாளைக்கு 78 யூனிட், 30 நாளைக்கு 2,340 யூனிட். நாலு பல்பும் ஒரு டி.வி.யும் எரியும் லயத்துக் காம்பராவின் கரண்ட் பில்லோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சூடும் இரைச்சலும் வேறு. 2022 மார்ச்சில் நம் நாட்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் மறக்க வேண்டாம்.

ஈதரியம் என்ற மற்றப் பெரிய நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையையே கைவிட்டது.

இத்தனை பெரிய இயந்திரங்களோடு போட்டி போட்டுச் சட்டைப்பையில் கிடக்கும் போன் பிட்கொயின் எடுத்து நாளுக்கு ஆயிரம் ரூபா தராது. அப்படியென்றால் ஆரம்பத்தில் ஆப் கொடுக்கும் காசு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பின்னால் சேர்ந்தவரின் காசைத்தான் முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கிறார்கள். ஆள் சேர்வது நின்றதும் ஆப்பும் நின்றுவிடும்.

இங்கேயே நடந்தது

2023இல் இலங்கை மத்திய வங்கி, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களை நடத்தியவை என்று சில பெயர்களை வெளியிட்டது. ஸ்போர்ட் செயின், ஓன்மேக்ஸ் டி.டி., எம்.டி.எப்.இ. ஆகியவை அதில் இருந்தன. எம்.டி.எப்.இ. ஆப் 2023 ஆகஸ்டில் முடங்கியது. இலங்கையில் மட்டுமல்ல, பங்களாதேசத்திலும் காசு போட்டவர்கள் அதைத் திரும்ப எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வங்கித்தொழில் சட்டத்தின்படி பிரமிட் திட்டத்தைத் தொடங்குவது மட்டும் குற்றமல்ல, அதை விளம்பரப்படுத்துவதும் குற்றம். நல்லெண்ணத்தில் அறைத் தோழனைச் சேர்த்துவிட்ட பையனும் மாட்டிக்கொள்ளலாம். அவன் காசு மட்டுமா போகும்? ஊரில் அவன் பேரும் போகும்.

வாங்கி விற்பது எப்படி?

"சரி மாமா, ஆப் வேணாம். உண்மையான பிட்கொயின வாங்கி வித்தா?"

அதில் உண்மையான நாணயம் இருக்கிறது. உண்மையான ஆபத்தும் இருக்கிறது. 2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் சுமார் 69,000 டொலர். அடுத்த நவம்பரில் அது 16,000 டொலர் அளவுக்கு விழுந்தது. உச்சத்தில் 100 டொலர் போட்டவர் கையில் 23 டொலர்தான் மிச்சம். அந்த 23 மறுபடி 100 ஆக வேண்டுமானால் விலை நாலு மடங்குக்கு மேல் ஏற வேண்டும். 2024 டிசம்பரில் விலை ஒரு லட்சம் டொலரையும் தாண்டியது உண்மை. ஆனால் அடகுக் கடை வட்டி அதுவரை காத்திருக்காது.

வாங்கும் இடமும் விழலாம். உலகப் பெரிய சந்தைகளில் ஒன்றான எப்.டி.எக்ஸ். 2022 நவம்பரில் வங்குரோத்தானது. அதை நடத்தியவருக்கு 2024இல் 25 வருடச் சிறை விதிக்கப்பட்டது.

நம் மத்திய வங்கியும் 2018 முதல் பல தடவை மக்களை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டையால் இந்த நாணயத்துக்குக் காசு செலுத்தக் கூடாது என்று 2021இல் விதியும் வந்தது. அதனால் சிலர் முகம் தெரியாத ஆளின் கணக்குக்குக் காசு அனுப்பி வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் புரள்வது திருட்டுக் காசாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கும் விசாரணைக்கு உள்ளாகலாம்.

ஆசைப்பட்டவர் எப்படித் தொடங்கலாம்?

படிப்பதில் தப்பே இல்லை. மாமா மருமகனுக்குச் சொன்ன வழி இதுதான்:

1. ஒரு கொப்பி வாங்கு. உன்னிடம் 10,000 ரூபா இருப்பதாக நினைத்துக்கொள். தினமும் இரவு எட்டு மணிக்கு விலையைப் பார்த்து, வாங்கியதாகவும் விற்றதாகவும் கொப்பியில் மட்டும் எழுது. ஒவ்வொரு தடவையும் கட்டணத்தையும் கழி. இப்படி மூன்று மாசம் செய். லாபமா நட்டமா என்று கொப்பியே சொல்லும்.

2. அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், அன்றைக்குச் சட்டமும் விதியும் என்ன என்று கொழும்புக் கோட்டையில் உள்ள மத்திய வங்கியில் விசாரி. ஆப் விற்கிறவன் சொல்வது சட்டமாகாது.

3. சட்டம் விட்டாலும், மொத்தமாகப் போனாலும் அழாமல் இருக்கக்கூடிய காசை மட்டும் போடு. அடகுக் காசு, சீட்டுக் காசு, சேமலாபநிதிக் காசு எதையும் தொடாதே.

4. நாணயத்தின் சாவி 12 அல்லது 24 சொற்களாக வரும். அதைக் கடதாசியில் எழுதிப் பத்திரமாக வை. யார் கேட்டாலும் சொல்லாதே. தொலைத்தால் மீட்டுத் தர எந்த வங்கி மனேஜரும் இல்லை.

5. 'நிச்சய லாபம்' என்றும் 'ஆள் சேர்த்தால் கூடக் காசு' என்றும் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பு.

"செட்டியார் தெருவுல ஒருத்தன் தங்கம்னு நீட்டினா, நாங்க உரைகல்லுல உரசிப் பாக்காம வாங்க மாட்டோம். காசு எங்க இருந்து வருதுங்கிற கேள்விதான் ஒனக்கு உரைகல்லு" என்றார் மாமா.

பையன் அன்றிரவே அம்மாவுக்குப் போன் எடுத்தான். "அம்மா, தோடு காதுலயே இருக்கட்டும்" என்றான். அறைத் தோழர்களிடமும் விசயத்தைச் சொன்னான். ஒருவன் மட்டும் கேட்கவில்லை. மற்ற இருவரும் ஆளுக்கொரு கொப்பி வாங்கினார்கள்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! கொழும்பிலிருந்து பிள்ளை அடகு வைக்கச் சொல்லிப் போன் எடுத்தால், திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்லாமலே செய்வான். "காசு எங்க இருந்துப்பா வருது?" என்று மட்டும் கேளுங்கள். அவன் விடை சொல்லத் தடுமாறினால், தோடு காதிலேயே இருக்கட்டும்.